பெட்டை நாய்க்குட்டி



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இன்னது என்று அறிந்ததும், என்னுடன் முன்பு பணியாற்றிய தமிழாசிரியர் ஒருவர் முகம் சுளித்தார். "வானொலியில் பேசக் கிடைத்த சிறிது நேரத்தில் திருக்குறளைப் பற்றிப் பேசலாம், உங்கள் ஊர்க் கோட்டையைப் பற்றிப் பேசலாம். பெட்டை நாய் பருவத்துக்கு வருவதைப் பற்றியா பேசுவது?" என்று கேட்டார். நான் தொல்காப்பியத்தையே அவருக்கு விடையாகச் சொன்னேன். நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் குட்டிக்குக் குருளை என்னும் பெயர் உரியது என்று மரபியல் கூறுகிறது. பெண் நாயைப் பாட்டி என்று வழங்கும் மரபும் அவ்வியலிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. பெண் நாய்க்கு உரிய பெயர் எது என்று ஆராய்வதை நம் முன்னோர் இழிவாக எண்ணவில்லை. அதன் உடல்நலம் எவ்வாறு என்று ஆராய்வதை நாம் மட்டும் இழிவாக எண்ணலாமா என்று கேட்டேன். நண்பர் சிரித்துவிட்டார். ஆயினும் முழுமனத்துடன் அவர் ஒப்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

என் ஊர் ரஞ்சன்குடி. பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி இருப்பது. அகழியும் மதில்களும் உடைய கோட்டை ஒன்று அங்கே இருப்பதை உங்களிற் பலர் அறிவீர்கள். 1751ஆம் ஆண்டில் முகம்மது அலியின் பக்கம் ஆங்கிலேயரும் சந்தா சாகிபின் பக்கம் பிரெஞ்சுக்காரரும் நின்று மோதிய போரில் அக்கோட்டைக்கும் ஓர் இடம் உண்டு. இப்போது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. கோட்டைக்கு வெளியே எங்கள் மண்ணின் பெருமை சின்ன வெங்காயம். அறுவடை செய்த வெங்காயத்தைக் காற்றோட்டமாக வைத்திருக்கக் கொல்லையிலேயே கீற்று வேய்ந்த பட்டறை போட்டிருப்பார்கள். சென்ற ஆண்டு கார்த்திகை மழையில் அத்தகைய பட்டறை ஒன்றின் அடியிலிருந்துதான் என் பேத்தி ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

ஒரு மாதக் குட்டி. செம்மண் நிறம்; நெற்றியில் வெள்ளைக் கீற்று. உடன்பிறந்த கடுவன் குட்டிகளை ஊரார் முன்பே எடுத்துச் சென்றுவிட்டனர். இது ஒன்று மட்டும் எஞ்சி நின்றதற்குக் காரணம் நோயுமன்று, ஊனமுமன்று. பெட்டை என்பதே காரணம். பக்கத்து வீட்டு அம்மையார் வேலிக்கு அப்பால் நின்று பார்த்தார். "பொட்டக் குட்டியா? எட்டு மாசம் போனா ஊரு நாயெல்லாம் உங்க வாசல்லதான் நிக்கும், வாத்தியாரய்யா" என்றார். அவர் சொன்னது பிழையில்லை. இன்று எங்கள் வாசலில் ஆறு நாய்கள் நிற்கின்றன. அவற்றைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன்.

பெட்டை நாய் என்றால் வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் நம் ஊரில் மட்டும் உள்ளதன்று. ஆனால் வேறொரு நாட்டில், வேறொரு வேலைக்குப் பெட்டை நாய்களையே தேடிப் பிடித்தார்கள். 1957ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் பூமியைச் சுற்றிவரச் சோவியத் நாடு அனுப்பிய லைக்கா, மாஸ்கோ நகரத் தெருவில் திரிந்த பெட்டை நாய். ஆண் நாயைப் போலக் காலைத் தூக்கிச் சிறுநீர் கழிக்க அதற்கு இடம் வேண்டுவதில்லை. குறுகிய கலத்துக்கு அதுவே பொருந்தும் என்று தேர்ந்தெடுத்தார்கள். லைக்கா உயிருடன் திரும்பவில்லை; திரும்பக் கொண்டுவரும் ஏற்பாடே அந்தக் கலத்தில் இல்லை. 1960 ஆகஸ்டில் சென்ற பெல்கா, ஸ்திரெல்கா என்னும் இரண்டும் நலமாகத் திரும்பின. அவையும் பெட்டைகளே. ஸ்திரெல்கா பின்னர் ஆறு குட்டிகளை ஈன்றது. அவற்றுள் ஒன்றை 1961ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் குடும்பத்துக்குப் பரிசாக அனுப்பினார்கள். அந்தக் குட்டியும் பெட்டைதான். இதையெல்லாம் பக்கத்து வீட்டு அம்மையாரிடம் சொன்னேன். "அவங்களுக்கு வெங்காயக் கொல்ல இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இந்தக் குட்டியை வீட்டில் வைத்துக்கொள்ள நான் உடனே இசையவில்லை. பேத்திக்கு அதன் காரணம் தெரியாது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நான் யாரிடமும் சொல்லாத ஒரு செய்தி அது. அதை இன்று சொல்லிவிடுகிறேன்.

1998ஆம் ஆண்டில் எங்கள் வீட்டில் செவலை என்று ஒரு பெட்டை நாய் இருந்தது. நான் அப்போது அறிவியல் ஆசிரியன். செவலைக்குப் பத்தாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோது முதன்முறையாகப் பருவம் வந்தது. பெண்குறி வீங்கி இரத்தம் கசிந்தது. அதைக் கண்டவுடன் நான் அதைக் கட்டிப்போட்டுவிட்டேன், அதுவரை சரியே. பத்தாம் நாள் இரத்தம் வெளுத்து, நின்றுபோனது போல் தோன்றியது. பருவம் முடிந்தது என்று முடிவு செய்து அவிழ்த்துவிட்டேன். எங்கள் தெரு வழியே ஆடு ஓட்டிச் செல்லும் மூதாட்டி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "வாத்தியாரே, தண்ணியா வர்றப்பதான் கட்டிப் போடணும், இப்பப் போய் அவுத்து விடுறீங்களே" என்றார். நான் சிரித்துக்கொண்டேன். நான் பயிற்சி பெற்ற ஆசிரியன். அவர் ஆடு மேய்ப்பவர்.

நான் எங்கே தவறினேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முதல் விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல் என்பது. எனக்குத் தெரிந்தது மனிதப் பெண்ணின் உடலியல். கரு உண்டாகாதபோது கருப்பையின் உட்படலம் கழிந்து வெளியேறுவதே மாதவிடாய். அந்த நாட்களில் கருவுறும் வாய்ப்பு மிகக் குறைவு. அதையே நாய்க்கும் வைத்து அளந்தேன். நாயின் உடலோ அவ்வாறு இயங்குவதில்லை. அதன் இரத்தக்கசிவு ஒரு முடிவு அன்று, அது முன்னறிவிப்பு. கருவைத் தாங்குவதற்காகக் கருப்பை இரத்தம் நிறைந்து பருக்கும்போது ஏற்படும் கசிவு அது. அந்த முதற்கட்டம் ஏறக்குறைய ஒன்பது நாள் இருக்கும். நாய்க்கு நாய் வேறுபடும். அப்போது ஆண் நாய்கள் மணம் அறிந்து கூடும். ஆனால் பெட்டை அவற்றை அண்டவிடாது, சீறும். அதன்பின் கசிவு வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வரும். சினைமுட்டை வெளிப்படுவது அப்போதுதான். பெட்டை வாலை ஒதுக்கி ஆணுக்கு இசைந்து நிற்பதும் அப்போதுதான். அதுவும் ஏறக்குறைய ஒன்பது நாள். சிலவற்றுக்கு இன்னும் நீளும். ஆக, கட்டவேண்டிய நாட்களில் மிக முக்கியமான நாளில் நான் அவிழ்த்துவிட்டேன். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லும்போது, இடையில் தெரியாததை ஒரு முறையேனும் நேரில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்த விதியோடு சேர்த்து யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆடு மேய்ப்பவர் சொன்னார், நான் கேட்கவில்லை.

நாயின் சினைக்காலம் சுமார் 63 நாள். செவலை தன் வளர்ச்சியே முடியாத பருவத்தில் ஐந்து குட்டிகளை ஈன்றது. இரண்டு கடுவன், மூன்று பெட்டை. பாலுக்கு முட்டிமோதிய குட்டிகளுக்கு நடுவே அதன் விலா எலும்புகள் வரிவரியாகத் தெரிந்தன. கடுவன் இரண்டையும் பால் மறந்த உடனே உறவினர் கொண்டுபோனார்கள். மூன்று பெட்டைகளையும் நான் பள்ளியில் கேட்டேன், கடைவீதியில் கேட்டேன். யாரும் ஏற்கவில்லை. ஆறு மாதத்தில் நான்கு பெட்டை நாய்கள் வீட்டில் நிற்கும் என்று எண்ணிப் பார்த்தபோது அச்சமாக இருந்தது. கொல்லையில் வேலை செய்தவரிடம், கோட்டைக்குள் விட்டுவிட்டு வரச் சொன்னேன். அங்கே பார்க்க வருகிறவர்கள் ஏதேனும் போடுவார்கள் என்றும் சொன்னேன். அவர் ஒரு வெங்காயச் சாக்கில் அவற்றை எடுத்துச் சென்றார்.

செவலையை அன்று இரவு கட்டி வைத்திருந்தோம். விடியும்வரை அது ஓயவில்லை. மறுநாள் அவிழ்த்ததும் ஓடிவிட்டது. மூன்றாம் நாள் திரும்பியபோது அதன் மடி கல்லாக இறுகிக் கொதித்தது. கால்நடை மருத்துவர் வந்து ஊசி போட்டபின் உயிர் தப்பியது.

திங்கட்கிழமை எட்டாம் வகுப்புக்குப் போனேன். முன்வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து நின்றான். "சார், கோட்டை அகழிப் பக்கம் மூணு நாய்க்குட்டி செத்துக் கெடக்கு. யார் சார் கொண்டாந்து போட்டிருப்பா?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. பாடத்தைத் தொடர்ந்தேன்.

நான் செய்தது சட்டப்படியும் குற்றம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணிதேவி அருண்டேல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது எடுத்த முயற்சியின் விளைவாக, 1960ஆம் ஆண்டில் விலங்குகளுக்குக் கொடுமை இழைத்தலைத் தடுக்கும் சட்டம் வந்தது. பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் ஒரு விலங்கைக் காரணமின்றிக் கைவிடுவது அச்சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். நாட்டியத்துக்காக நாம் போற்றும் அவ்வம்மையார்தான் 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவர் என்பதும் பாடநூல்களில் அதிகம் சொல்லப்படுவதில்லை.

சரி, இப்போதைய குட்டிக்கு வருவோம். பேத்தி அதற்குப் பொன்னி என்று பெயரிட்டாள். நானும் இந்த முறை மாணவனாகவே தொடங்கினேன். குடற்புழுவுக்கு மருந்து கொடுத்தோம். பார்வோ முதலிய நோய்களுக்குரிய தடுப்பூசிகளைப் போட்டோம். மூன்றாம் மாதம் நிறைந்தபின் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டாயிற்று. பருவம் வருவதற்கு முன் இந்த ஊசி கட்டாயம் போடப்பட்டிருக்க வேண்டும். ஏனெனில் பருவத்தில் ஆண் நாய்கள் கூடும். கூடினால் ஒன்றையொன்று கடிக்கும். விலக்கப் போகும் மனிதரையும் கடிக்கும். உலகில் வெறிநோயால் இறப்போரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் இந்தியர் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. கடிபட்டால் ஓடும் தண்ணீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மிளகாயும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டாதீர்கள்.

உணவில் ஒரு செய்தி எங்கள் ஊராருக்கே வியப்பாக இருந்தது. வெங்காயம் நாய்க்கு நஞ்சு. பச்சையானாலும் வெந்ததானாலும் அது நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கிறது. பொன்னி வெங்காயப் பட்டறையில் வளர்ந்த குட்டி! எங்கள் வீட்டுச் சாம்பாரிலும் குழம்பிலும் சின்ன வெங்காயம் இல்லாத நாள் இல்லை. அந்தச் சோற்றைத்தான் செவலைக்கும் போட்டுவந்தோம். இப்போது பொன்னிக்கென்று சோற்றையோ கேழ்வரகுக் களியையோ தனியே எடுத்துவைத்து, மோரோ வேகவைத்த முட்டையோ சேர்த்துத் தருகிறோம். வாரத்தில் இருமுறை முள் நீக்கிய மீன். வளரும் பெட்டைக் குட்டிக்கு இதைக் குறைக்கக் கூடாது. ஆனால் பருத்துப் போகவும் விடக்கூடாது.

பெட்டைக் குட்டிக்குப் பொதுவாக ஆறாம் மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் முதற்பருவம் வரும். உருவில் பெரிய இனங்களுக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேலும் ஆகலாம். அதன் பிறகு ஏறக்குறைய ஆறேழு மாதங்களுக்கு ஒருமுறை வந்துகொண்டிருக்கும். அடிக்கடி நின்று சிறுசிறு அளவில் சிறுநீர் கழித்தல், பின்புறத்தை நக்கிக்கொள்ளுதல், காரணமில்லாத சோர்வு அல்லது சிடுசிடுப்பு ஆகியவை முன்குறிகள். நாய் தன்னையே துப்புரவாக நக்கிக்கொள்வதால் முதல் சில நாள் கசிவு கண்ணுக்குத் தெரியாமலே போகும். வெள்ளைத் துணி ஒன்றைப் படுக்கையில் விரித்துவைத்தால் தெரிந்துவிடும். இது என் பேத்தி கண்டுபிடித்த வழி.

பொன்னிக்கு ஏழாம் மாதம் தொடங்கியவுடன் பெரம்பலூருக்குக் கொண்டுபோய்க் கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். கருப்பையையும் சினைமுட்டைப் பைகளையும் அகற்றும் கருத்தடை அறுவையைச் செய்துவிடலாம் என்று அவர் நாளும் குறித்தார். முதற்பருவத்துக்கு முன்பே செய்தால் பிற்காலத்தில் மடியில் கட்டி வருவது மிகவும் குறைகிறது என்று 1969இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கூறியது. அதை ஆதாரமாகக் கொண்டு பலரும் பேசுவர். 2012இல் அத்தகைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிச் சீர்தூக்கியவர்கள், சான்றுகள் அத்தனை உறுதியாக இல்லை என்றார்கள். பெரிய இன நாய்களுக்கு மிக இளமையில் செய்தால் மூட்டு நோய் மிகுதியாகிறது என்று கூறும் ஆய்வுகளும் உண்டு. ஆகவே இராசபாளையம் நாயோ அதுபோன்ற பேருருவுடைய நாயோ வைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுச் சிறிது காத்திருப்பது நன்று. நம் நாட்டுத் தெருநாய்க் குட்டிக்கு அவ்வளவு தயக்கம் வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஒருமுறையேனும் குட்டி போட்டால்தான் பெட்டை நாய்க்கு உடம்பு தேறும் என்று சொல்வார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. செவலையின் விலா எலும்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் குறித்த நாளுக்கு எட்டு நாள் முன்னதாகப் பொன்னி எங்களை முந்திக்கொண்டது. வெள்ளைத் துணியில் கறை தெரிந்தது. பருவ காலத்தில் அவ்வுறுப்புகளின் இரத்தக்குழாய்கள் பருத்திருக்குமாதலால் அறுவையில் இரத்தப்போக்கு மிகும். இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்வோம் என்று மருத்துவர் தள்ளிவைத்தார். அன்றுமுதல் எங்கள் வீட்டில் ஒரு நாட்குறிப்பு ஓடுகிறது. பேத்தி தன் பழைய நோட்டுப்புத்தகத்தில் நாள் எண், கசிவின் நிறம், உண்ட அளவு, வாசலில் நிற்கும் நாய்களின் தொகை என நான்கு கட்டம் போட்டு எழுதிவருகிறாள். முதல் நாள் ஒரு நாய். ஐந்தாம் நாள் மூன்று. பதினோராம் நாள் நிறம் வெளுத்தது, நாய்கள் ஆறு. அந்தப் பக்கத்தை அவள் என்னிடம் காட்டி, "தாத்தா, நின்னுபோச்சு போலிருக்கே, அவுத்து விடலாமா?" என்று கேட்டாள். என் முகம் மாறியதை அவள் கண்டாள் போலும். அன்றிரவுதான் அவளுக்குச் செவலையின் கதையைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அந்தக் குறிப்பேட்டில் 21ஆம் நாள்வரை கட்டங்களை முன்கூட்டியே வரைந்து வைத்திருந்தாள்.

இந்த மூன்று வாரத்தில் செய்ய வேண்டியவை அரியவை அல்ல. விடாமல் செய்வதுதான் அரிது. வாசலில் சங்கிலியில் கட்டுவது காப்பாகாது. கட்டிய பெட்டையால் ஓடித் தப்பவும் முடியாது. வரும் நாய்க்கு அது வசதியாகவே முடியும். ஆளுயர மதிலும் போதாது. பசியையும் மறந்து காத்திருக்கும் கடுவன் நாய் அதைத் தாண்டும், மதிலடியைத் தோண்டும். ஆகவே வீட்டினுள்ளே வைத்திருக்க வேண்டும். நாங்கள் பத்தாயம் இருக்கும் அறையைக் கொடுத்துவிட்டோம். விடியற்காலையிலும் இரவிலும் கொல்லைப்புறத்தில் கழுத்துவார் பிடித்து உலவ விடுகிறோம். அதன் சிறுநீர் மணமே கடுவன்களுக்கு அழைப்பாதலால் அவ்விடத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம். குட்டி அஞ்சும், சில வேளை ஊளையிடும், பசி குறையும். அடிக்கக் கூடாது. அதற்கு நேர்வது அதற்கே புதிது. மருந்துக்கடையில் மனிதருக்கான மாத்திரையைக் கேட்டு வாங்கிப் பாலில் கலந்து கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் இருப்பதாக அறிகிறேன். ஒருபோதும் செய்யாதீர்கள். பருவத்தைத் தடுக்கப் போடும் இயக்குநீர் ஊசிகளும் கருப்பை நோய்க்கு வழி செய்யும்.

இங்கே மாணவர்களாகிய உங்களிடம் தனியே ஒன்று சொல்ல வேண்டும். இணைந்த நாய்கள் உடனே பிரிய இயலா. சிறிது நேரம், சில வேளைகளில் அரைமணி நேரம்கூட, அப்படியே நிற்கும். அது அவற்றின் உடலமைப்பு. அவற்றின்மேல் கல்லெறிந்து சிரிக்கும் சிறுவர்களைப் பள்ளி வாயிலில் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். வலிந்து இழுத்தால் உள்ளுறுப்பு கிழிந்துபோகும். ஆசிரியர்களாகிய நாங்கள் என்ன செய்தோம்? காணாதவர்போல் உள்ளே போய்விட்டோம். இப்பொருளைப் பேச வெட்கப்பட்டோம்; ஆகவே கல் பேசியது.

பருவம் முடிந்துவிட்டால் கவனிப்பும் முடிந்தது என்று எண்ண வேண்டாம். ஒன்றரை இரண்டு மாதம் கழித்துச் சில நாய்கள் சினை இல்லாமலே சினைபோல நடந்துகொள்ளும். மூலையில் துணியைக் கிழித்துப் படுக்கை அமைக்கும். மடியில் பாலும் ஊறும். பெரும்பாலும் தானே அடங்கிவிடும். மடியைப் பிதுக்காமல் இருந்தால் போதும். மற்றொன்று அஞ்சத்தக்கது. பருவம் முடிந்த சில வாரங்களில் கருப்பையில் சீழ் கோத்துக்கொள்ளும் நோய் அது. வயது ஏறிய, கருத்தடை செய்யாத பெட்டைகளுக்கு மிகுதியாக வரும். செவலை தன் ஏழாம் வயதில் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. சித்திரை வெயில் என்று எண்ணிக்கொண்டோம். நான்காம் நாள் எழவில்லை. மருத்துவரிடம் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. ஆகையால் பருவம் முடிந்து ஓரிரு மாதத்துக்குள் பெட்டை நாய் மிகுதியாகத் தண்ணீர் குடித்தால், வாந்தியெடுத்தால், சோர்ந்து படுத்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

இந்தக் கருத்தடை அறுவை ஒரு வீட்டு நாயோடு நின்றுவிடும் செய்தி அன்று. சென்னை நகரத்தில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கி நூறாண்டுக்கு மேல் நடந்தது. நாய்கள் குறையவில்லை. ஓரிடம் காலியானால் மற்றவை வந்து அமர்ந்தன. எஞ்சிய பெட்டைகள் ஆண்டுக்கு இருமுறை பருவத்துக்கு வந்துகொண்டிருந்தன. 1959இல் கேப்டன் சுந்தரம் சென்னையில் நிறுவிய புளூ கிராஸ் அமைப்பு, கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு அதே இடத்தில் விடலாம் என்று 1964இலேயே கூறிற்று. மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது 1996இல். இடையில் முப்பத்திரண்டு ஆண்டுகள்! 2001இல் அதுவே நாடு முழுமைக்கும் விதியாயிற்று. 2023இல் அவ்விதிகள் புதுப்பிக்கப்பட்டன. தெருவில் காதோரம் சிறிது வெட்டப்பட்ட நாயைக் கண்டால், அது அறுவை செய்யப்பட்ட நாய் என்று அறியுங்கள். இந்த முறையால் எல்லா இடர்களும் தீர்ந்துவிட்டன என்று நான் சொல்லவில்லை. பல ஊர்களில் பணி அரைகுறையாக நடக்கிறது, குழந்தைகள் கடிபடுகிறார்கள், அந்தப் பெற்றோரின் சினமும் நியாயமானதே. ஆனால் தெருவில் இருக்கும் நாய்களிற் பல, நம்மைப் போன்றவர்களின் வீட்டிலிருந்து சாக்கில் போனவையும் அவற்றின் வழிவந்தவையுமே. இதைச் சொல்ல எனக்கு உரிமையுண்டு.

இன்று பொன்னிக்குப் பதினான்காம் நாள். காலையில் நான் திருச்சிக்குப் பேருந்து ஏறப் புறப்பட்டபோது, பத்தாய அறையின் பின்கதவுத் தாழ்ப்பாள் தளர்ந்திருக்கிறது என்று பேத்தி காட்டினாள். உண்மைதான்; அசைத்தால் கழன்று கையோடு வருகிறது. தச்சரிடம் சொல்லியிருக்கிறேன். நாளை வருவதாகச் சொன்னார். நாளை வரை அது தாங்குமா என்பது ஐயம். நான் வரும்வரை கதவில் சாய்ந்து உட்கார்ந்து படிப்பதாகப் பேத்தி சொல்லியிருக்கிறாள். அவளுக்கு அடுத்த வாரம் தேர்வு. ஆகவே முதற் பேருந்தையே பிடித்து ஊர் திரும்பி, ஒரு கயிற்றையாவது இழுத்துக் கட்ட எண்ணியிருக்கிறேன்.